லோரியின் இடப்பக்கம்

“லோரியை யாரு லா திடலுக்குள்ள விட்டது?”

சுகுமாரன் போட்ட சத்தத்தில் பேச்சு நின்றது. புக்கிட் பெலிம்பிங் மோட்டார் கிளப்பின் தலைவர் அவர். அன்று உறுப்பினர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி. இருபது மோட்டார் சைக்கிள்கள் வரிசையில் நின்றன. எதிரே எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஒன்று உறுமி அடங்கியது.

ஓட்டுநர் இறங்கினார். சுகுமாரனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. போலீஸ் நிலையத்தில் பார்த்த முகம். உடையப்பன். ஒன்பது மாதத்துக்கு முன் தோட்டத்துச் சந்தியில் கிளப் உறுப்பினன் சரண் செத்தது இந்த ஆளின் சக்கரத்தில்தான்.

மறுபக்கக் கதவைத் திறந்து இறங்கினாள் பிரமிளா. சரணின் மனைவி. பயிற்சி தர ஆள் தேடும் பொறுப்பை வலிய வாங்கிக்கொண்டவள்.

“ஆள் பாக்கச் சொன்னா, இவனையா கூட்டிட்டு வருவே?”

“லோரியைப் பத்தி லோரிக்காரர்தானே அண்ணே சொல்லணும்.”

“கோலா குபு பாருல லைசென்ஸ் வாத்தியாரு சும்மாவே வர்றேன்னாரே!”

“அவரு அடுத்த மாசம் வரட்டும்.”

பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. “புருசன் போயி வருசம் திரும்பல. அதுக்குள்ள ஜோடியா லோரி சவாரி.”

பிரமிளா காதில் விழுந்தது. அவள் திரும்பவில்லை.

உடையப்பன் தரையைப் பார்த்தபடியே பேசினார். “தலைவரே, ஒரே ஒரு தடவை என் சீட்டுல உக்காந்து பாருங்க. அப்புறம் போன்னா போயிடறேன்.”

சுகுமாரன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கோபத்தோடுதான் ஏறினார். பின்னால் யாரோ மோட்டார் தள்ளும் சத்தம் கேட்டது.

“இடப்பக்கம் பாருங்க. கண்ணாடியிலயும் பாருங்க. என்ன தெரியுது?”

“புல்லுதான் தெரியுது.”

“இறங்கி அந்தப் பக்கம் வாங்க.”

இறங்கிச் சுற்றி வந்தார். இடப்பக்கக் கதவை ஒட்டி மூன்று மோட்டார்கள். நடுவில் பிரமிளா நின்றிருந்தாள். கையை நீட்டினால் தொடலாம். மேலேயிருந்து அவள் நிழல்கூடத் தெரியவில்லை.

சந்தியில் லோரியின் இடப்பக்கமாக நழுவி முந்துவது அந்தக் கிளப்பின் பழக்கம். பழக்கிவிட்டவர் சுகுமாரன்தான். விபத்து நடந்த அன்றும் முதலில் நழுவியவர் அவர். பின்னாலேயே வந்தவன் சரண்.

சுகுமாரன் ஹெல்மெட்டைக் கழற்றினார். கண்ணைத் துடைத்துக்கொள்ள வேறு வழி தெரியவில்லை.

“எல்லாரும் வரிசையா வாங்க. ஒவ்வொருத்தரா ஏறிப் பாக்கணும்” என்றார்.

ஏறி இறங்கிய ஒவ்வொருவரும் இடப்பக்கம் சுற்றி வந்து ஒருமுறை பார்த்தார். பின்வரிசைக் குரல்காரரும்தான்.

முடிந்ததும் பிரமிளாவிடம் வந்தார். “எங்க உசுரு மேல உனக்கு இவ்ளோ அக்கறையாம்மா? இந்தாளு பக்கத்துல உக்காந்து வர்றதுன்னா, உனக்கு எப்படி இருந்திருக்கும்...”

“உங்களுக்காக மட்டும் இல்லண்ணே” என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. “விபத்து நடந்த அன்னையிலேருந்து இந்த லோரிக்காரரு லோரிப் படியில கால் வைக்கல. அவரு வீட்டுல மூணு புள்ளைங்க. யாரு சொல்லியும் கேக்கல. அதான், எங்க பசங்களுக்குச் சொல்லிக் குடுக்க ஆளே கிடைக்கலன்னு பொய் சொன்னேன். நான் பக்கத்துல ஏறி உக்காந்த பிறகுதான் சாவியைத் திருப்புனாரு.”