அணைக்கக் கூடாத கணினி

எழுதிய நிரல்களைச் சேர்த்து மென்பொருளாக்கும் பில்டு, அந்த அலுவலகத்தில் மூலையிலிருந்த பழைய கணினியில் மட்டுமே ஓடும். அதை அமைத்தவர் வேலையை விட்டுப் போன பிறகு, அணைந்துவிடுமோ என்று பயந்து எல்லோரும் ஒதுங்கியே நடந்தார்கள். அங்கே நிரல் எழுதும் நஸ்ரீன் பில்டைப் புதிய கணினியில் ஓட்டியபோதெல்லாம் அது பாதியில் நின்றது. அன்று பிழைச்செய்தியை முதல் வரியிலிருந்து பொறுமையாகப் படித்தாள். பழைய கணினியில், போனவருடைய சொந்த ஃபோல்டரில் இருந்த ஒரு கோப்பை, பில்டை ஓட்டும் ஸ்கிரிப்ட் தேடிக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் பொது இடத்தில் வைத்து, ஸ்கிரிப்டையும் திருத்தி, புதிய கணினியில் பில்டை மறுபடி தொடங்கினாள்.

“எதுக்கும் பழசும் ஓடட்டும்மா,” என்றார் மேலாளர் தேவசகாயம்.

“வேணாம் சார்,” என்று அவள் பிளக்கைப் பிடுங்கினாள்.

வருடக்கணக்காக இரைந்துகொண்டிருந்த விசிறி நின்றது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். புதிய திரையில் வரிகள் ஓடின, ஓடின, கடைசியில் பிழையில்லை என்று பச்சையாகி நின்றன.

“வந்துருச்சு!” என்று கத்தினாள் நஸ்ரீன். அந்த அமைதியில் அவள் குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது.