மொட்டைமாடிச் சாவி

குடியிருப்போர் சங்க அறையில் மாலை வெயில் மேசையின் பாதிவரை வந்து நிற்கிறது. ஒரு பக்கம் சங்கச் செயலாளர், எதிரே மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் நர்ஸ். பால்கனியில் துணி காயப்போடக் கூடாது என்ற விதியை இன்னொரு முறை மீறினால் அவள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். சமரசம் பேச வந்திருக்கும் என் அம்மாவுக்கு ஒரு வழக்கம்: ஒருவர் சொன்ன மனக்குறையை மற்றவர், தானே அவர் என்பதுபோல, திருப்பிச் சொல்ல வேண்டும். சமரசப் பேச்சு பற்றிய மாலை வகுப்புக்காக நான் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுக்கிறேன். செயலாளரின் குறையை நர்ஸ் சொல்லி முடித்துவிட்டாள். இப்போது அவளுடையதைச் சொல்லச் செயலாளர் தொண்டையைச் செருமுகிறார். "நான் டூட்டி முடிஞ்சு வரவே மணி எட்டாகுது. அதுக்கப்புறம்தான் யூனிபார்ம் துவைக்கணும். காலையில அதையேதான் போடணும். மொட்டைமாடியை ஆறு மணிக்கே பூட்டிடறாங்க." அம்மா நிமிராமல் கேட்கிறார், "யாரு பூட்டுறது?" "அந்த மனுஷன்தான்," என்கிறார் செயலாளர். நர்ஸ் மெதுவாகச் சொல்கிறாள், "சிடுமூஞ்சி மனுஷன்னு சொன்னேன். அதை விட்டுட்டீங்க சார்." அவர் முகம் சிவந்தது வெயிலாலா சிரிப்பாலா, எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. சட்டைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுக்கிறார். மொட்டைமாடிச் சாவி வளையத்தை விட்டு வர மறுக்கிறது, நகம் வழுக்குகிறது. அவள் தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி, மேசைமேல் அவர் பக்கம் நகர்த்துகிறாள்.