ஓட்டறவங்க கையில மட்டும்

“சாமான் இருக்குது தங்கச்சி. ஆனா, உங்க கையில கொடுக்க மாட்டேன்.”

சையத் இப்ராஹிம் பாய் இப்படிச் சொல்லிவிட்டு, குப்பாயி கொண்டுவந்திருந்த பழைய பிரேக் பைப்பை அவள் பக்கமே தள்ளி வைத்தார். ஏற்காடு பஸ் நிலையத்துக்கு எதிரே இருபது வருஷமாக வண்டி சாமான் கடை வைத்திருக்கிறார். மனுஷர் தங்கம்தான். ஆனால் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அப்புறம் யார் சொன்னாலும் இறங்கி வரமாட்டார்.

“ஏனுங்க பாய், மாரமங்கலத்துல இருந்து பஸ் ஏறி வந்திருக்கறனுங்க. இப்படிச் சொன்னா எப்படிங்க?”

“கோவிச்சுக்காதீங்க. ஹாரன், லைட்டு, கண்ணாடி, எது வேணும்னாலும் யார் வந்தாலும் கொடுப்பேன். பிரேக் சாமான் மட்டும் வண்டி ஓட்டறவங்க கையிலதான். முன்னே ஒருத்தர் ஆள்விட்டு வாங்கிட்டுப் போனாரு. அளவு மாறிப்போச்சு. வண்டி காபித் தோட்டத்துக்குள்ள இறங்கி நின்னுச்சு. நல்லவேளை, உசுருக்கு ஒண்ணுமில்லே. அன்னிக்கு எடுத்த முடிவு இது.”

குப்பாயியின் கணவன் வெள்ளையன் போன கார்த்திகையில் காலமாகிவிட்டான். மிலிட்டரி ஏலத்தில் அவன் எடுத்த பழைய ஜீப்தான் மாரமங்கலத்தின் ஆத்திர அவசரத்துக்கெல்லாம். நேற்று அதன் பிரேக் பைப் துருவேறி ஓட்டை விழுந்து, ஆயில் மொத்தமும் ஒழுகிவிட்டது.

“பக்கத்து ஊட்டுத் தனலட்சுமிக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்குதுங்க. வலி எடுத்துட்டா இந்த ஜீப்பை உட்டா வேற வண்டி இல்லீங்க பாய்.”

பாய் உச்சுக்கொட்டினார். கொடுக்கத்தான் மாட்டார், காட்டுவதில் என்ன போயிற்று? இரண்டு பைப்புகளையும் நாலைந்து ரப்பர் ஓசுகளையும் எடுத்துப் போட்டார்.

“இது செம்பு. வளைக்கச் சுளுவு. இது இரும்பு. கொஞ்சம் மல்லுக்கட்டணும்.”

“செம்பு வேண்டாமுங்க. நம்ம மலை ரோட்டு ஆட்டத்துக்கு நாளாவட்டத்துல விரிசல் உட்டுரும். இரும்பே இருக்கட்டும். ஓசு மட்டும் ஒரு அங்குலம் நீளமா வேணுங்க. வலது பக்கம் ஸ்டீரிங்கை முழுசா ஒடிச்சா இழுத்துப் புடிக்குது.”

சொல்லிக்கொண்டே ரப்பர் ஓசு ஒன்றை வளைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஒதுக்கி வைத்தாள். “இது உங்க கடையிலேயே கெழடு தட்டிருச்சுங்க.”

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அடேங்கப்பா! வெள்ளையன் நல்லாத்தான் சொல்லிக் கொடுத்திருக்கான்.”

வெள்ளையன் பேச்சு வந்ததுமே அவர் மனசு இளகிவிட்டது. பன்னிரண்டு வருஷமாக ஏற்காட்டில் பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அலுக்காத கதை அவரிடம் ஒன்று உண்டு.

“எழுபத்தெட்டு, தை மாசம். என் ஊட்டுக்காரி மைமூன் தலைப்பிரசவத்துக்கு உங்க ஊர்ல இருக்கற அவ அக்கா ஊட்டுக்குப் போயிருந்தா, நானும் கூட இருந்தேன். விடியறதுக்கு முன்னாடியே வலி வந்துருச்சு. கையை நீட்டினா கை தெரியாது, அப்படி மூட்டம். உங்க ஊட்டுக்கு ஆள் அனுப்பின கொஞ்ச நேரத்துல ஜீப் வந்து நின்னுச்சு. காக்கிக் கோட்டு, குரங்குக் குல்லா, மப்ளர். ஒரு வார்த்தை பேசலை தங்கச்சி! இருபது வளைவும் தொட்டில் ஆட்டறாப்ல இறக்கினான். ஆஸ்பத்திரி வாசல்ல விட்டுட்டு, நான் திரும்பிப் பார்க்கறதுக்குள்ள போயிட்டான். அமீனா நல்லபடியாப் பொறந்தா. இப்ப ஏழாவது படிக்கறா.”

பாய் வாட்ச் பட்டையைத் தடவிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

“அப்புறம் எத்தனை தடவை அவன் கையைப் புடிச்சு நன்றி சொல்லியிருப்பேன்! ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிஞ்சுக்குவான். ‘நானு ஒண்ணுமே பண்ணலீங்க பாய்’னு ஒரே பதில். என்ன அடக்கம்! அப்படிப்பட்டவன் ஓட்டின வண்டி அது. இப்ப யார் கையில கொடுத்திருக்கீங்களோ, அந்த ஆளை நான் பார்த்தாகணும். வரச் சொல்லுங்க.”

குப்பாயி மஞ்சள் பையிலிருந்து சின்னப் புத்தகம் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். டிரைவிங் லைசென்ஸ். பாய் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிரித்தார். போட்டோவில் இருந்தவள் குப்பாயியேதான்.

“நீங்களா! எப்போ எடுத்தது?”

“போன மாசமுங்க.”

“ஒரு மாசத்துப் பழக்கத்துல, இந்த மலையில, ஒரு புள்ளைத்தாச்சிய ஏத்திட்டு இறங்குவீங்களா? விளையாடறீங்களா தங்கச்சி?” பாய் நிஜமாகவே பதறிப்போனார்.

குப்பாயி லைசென்ஸைத் திரும்ப எடுத்துப் பைக்குள் வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“பதினாலாவது வளைவுல மைமூனக்கா வலி தாங்காம உங்க மணிக்கட்டைக் கடிச்சுப்போட்டாங்க. நீங்க சின்னப் புள்ளையாட்டம் அழுதீங்க.”

பாயின் கை தானாக வாட்ச் பட்டைக்குப் போனது. அதற்குக் கீழே இருக்கும் தழும்பின் கதையை அவர் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

“வெள்ளையன் சொன்னானா?”

“அவரு எங்கீங்க பார்த்தாரு? இருட்டுனா அவருக்குக் கண்ணே தெரியாதுங்க, மாலைக்கண்ணு. ‘நானு ஒண்ணுமே பண்ணலீங்க’ன்னு உங்ககிட்ட நெசத்தைத்தான் சொல்லிட்டிருந்தாரு” என்றபடி குப்பாயி பைப்புக்காகக் கையை நீட்டினாள். “அன்னிக்கு அந்தக் குல்லாயைப் போட்டுட்டு ஓட்டுனது நானுங்க.”