மருதியின் அம்மா எழுந்து நிற்கிறாள்

மண்ணரை பனியன் கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரம். தகரக் கூரையின் ஓட்டை வழியே விழும் வெயிலில் பஞ்சுத்தூசி மிதக்கிறது. செக்கிங் மேசையைச் சுற்றிப் பெண்கள் மொய்த்திருக்க, நடுவில் மருதியின் கைப்பேசி. சத்தியமங்கலத்து மலையிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் இருளர் பெண் அவள். திரையில் அவள் ஊரின் கிராம சபை நடக்கிறது. அவளுடைய அம்மா வெறுங்காலோடு எழுந்து நின்று, "எங்க ஓடைக்கு மேல கல்குவாரி வேண்டாம்" என்கிறாள். பின்னால் இருக்கும் பெண்கள் எல்லோரும் கை தூக்குகிறார்கள். அதிகாரி தலை குனிந்து எழுதிக்கொள்கிறார். மேசையைச் சுற்றிக் கைதட்டல் எழுகிறது. வர்ஷினி மட்டும் தட்டவில்லை. அருள்புரத்துப் பக்கம் அவள் வீட்டுக் கிணற்றில் சாயத்தண்ணீர் இறங்கி, தென்னைகள் மொட்டையாக நிற்கின்றன. சாயப்பட்டறை வரலாமா என்று அவளையோ அவள் அம்மாவையோ ஒருவரும் கேட்டதில்லை. திரையில் நிற்கும் அந்த அம்மாவை அவளால் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. வயிறு எரிகிறது.

"எங்கம்மாளும் இப்படித்தான் கூட்டத்துல எந்திரிச்சுப் பேசுனாங்க," என்கிறாள் சட்டென்று. "பட்டறையவே மூட வெச்சுட்டாங்க."

மருதியின் முகம் மலர்கிறது. "அப்ப உங்க கெணத்துத் தண்ணி இப்ப நல்லா இருக்குதுங்களாக்கா?"

"எளநி மாதிரி இருக்கும்," என்கிறாள் வர்ஷினி.

மருதி அவள் கையைப் பிடித்துக்கொள்கிறாள். "ஞாயித்துக்கெழம எங்கம்மா வருதுங்க. உங்கம்மாவப் பாத்தா அதுக்கு அத்தன சந்தோசமா இருக்கும். உங்க ஊட்டுக்குக் கூட்டியாரட்டுங்களா?"