விலாசம் மாறிய பெட்டி

“பெட்டியை உன் வீட்டுக்கு அனுப்புற செலவை நான் ஏன் தரணும்? தப்பான விலாசத்தைக் கொடுத்தது நீதானே?” போனில் எகிறினார் டெல்மர்.

“வேணும்னா கொடுத்தேன்? ஆர்டர் போடும்போது பழைய விலாசம் தானா வந்து உக்காந்துக்கிச்சு!”

மறுமுனையில் அவர் மனைவி லொரேன். கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போய் எட்டு மாதமாகிறது. கனடாவில் அதே தண்டர் பே ஊரில்தான், ஏரிப் பக்கம் தனியாக இருக்கிறாள். இத்தனை நாளில் ஒரு போன் கிடையாது. இன்று காலையிலிருந்து இது மூன்றாவது.

“கம்பெனிக்காரங்களைக் கேளேன்!”

“கேட்டேன். நீ கையெழுத்துப் போட்டு வாங்கிட்டியாமே. அதோட அவங்க பொறுப்பு முடிஞ்சுதாம். உன்னை யாரு வாங்கச் சொன்னது?”

“கொண்டு வந்தவன் குளிர்ல விறைச்சுப்போய் நின்னான். பெட்டியில உன் பேரைப் பார்த்தேன், வாங்கிட்டேன்.”

“பேரைப் பார்த்ததும் கை நீண்டுடுச்சாக்கும்!”

டெல்மருக்குக் காது சிவந்தது. “இதோ பாரு, நாப்பது டாலர் ஆகும். ஆளுக்குப் பாதி.”

“ஒரு காசு தரமாட்டேன்.”

“அப்போ பெட்டி இங்கேயே கிடக்கட்டும்!”

கத்தினாரே தவிர, உள்ளுக்குள் ஒரே குஷி. இப்படி வாய் வலிக்கச் சண்டை போட்டு எத்தனை நாளாயிற்று! எங்கே போனை வைத்துவிடுவாளோ என்றுதான் பயம்.

“சரி, முதல்ல அதைப் பிரி. உள்ளே உடைஞ்சு கிடந்தா எதுக்கு வீண் செலவு?”

பிரித்தார். ஒரு ஜோடி பனிக்கால பூட்ஸ். ஆண்கள் போடுவது. ஒவ்வொன்றும் படகு மாதிரி.

குஷியெல்லாம் வடிந்துவிட்டது.

“லொரேன்... யாரு அந்த ஆளு?”

“எந்த ஆளு?”

“நடிக்காதே. பதிமூணாம் நம்பர் பூட்ஸ்! இவ்வளவு பெரிய காலை வச்சுக்கிட்டு எந்தத் தடியன் உன் வீட்டுக்கு வந்து போறான்?”

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. மூச்சு வாங்கச் சிரித்தாள்.

“சிரி, நல்லா சிரி. அந்தத் தடியனையே வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லு!”

“காலை உள்ளே விட்டுப் பாரு.”

“நான் எதுக்கு...”

“விடுய்யா!”

விட்டார். அளவெடுத்துச் செய்தது போலக் கச்சிதமாகப் பொருந்தியது. பொறாமையில் தன் கால் அளவே அவருக்கு மறந்துபோயிருந்தது.

“போட்டாச்சா? அப்படியே மண்வெட்டியை எடுத்துக்கிட்டு வெளியே வா,” என்றாள் லொரேன். “நம்ம வாசல் பனியில கார் மாட்டிக்கிட்டு நிக்குது. பின்சீட் பூரா என் துணிமணி, உள்ளே யாரு தூக்கிட்டு வர்றது?”