கலண்டர் ஆணியில் ஒரு பேகிள்

“இஞ்சாருங்கோ, உங்களுக்கென்ன விசரே?”

புலம்பெயர்ந்து வந்த லாசால் ஊரில், அந்த வீட்டுக் குசினிச் சுவரில், கோயில் கலண்டர் தொங்கின ஆணியில், இப்ப ஒரு பேகிள் தொங்கிக்கொண்டிருந்தது. நடுவில ஓட்டை வைச்ச பாண்தான். அதுவும் ஒரு கடி கடிச்ச மிச்சம். கலண்டர், பாவம், குளிர்சாதனப் பெட்டிக்கு மேல குப்புறக் கிடந்தது.

“ரெண்டு நாளாச்சு. காஞ்சு கல்லாப் போச்சு. பிள்ளையின்ர எச்சில் பாணை ஆராவது சுவரில மாட்டுவினமே? கழட்டி எறியப்போறன்.”

“கை வைச்சுப் பாரும், தெரியும்!” கிறிஸ்தோப்பர் தேத்தண்ணிக் கோப்பையிலிருந்து தலை நிமிர்த்தாமலே உறுமினார்.

றோசலினுக்கு விளங்கிவிட்டது. மகள் திரும்பி வந்ததும் காட்டிக் காட்டிப் பேசுறதுக்குத்தான் மனுசன் இதைப் பாதுகாக்குது. வர்மம்! பெத்த பிள்ளையிலயும் ஒரு தகப்பனுக்கு இவ்வளவு வர்மமோ?

ஒரே மகள் றெபேக்கா. இருபத்தெட்டு வயது, கார்டரியில் சின்னப் பிள்ளைகளைப் பாக்கிற வேலை. லீவு எடுத்துக்கொண்டு தன்னந்தனியா உஸ்பெகிஸ்தானுக்கு, சமர்க்கந்து எண்ட நகரம் பாக்கப் போயிருந்தாள்.

“துணைக்கு ஆளில்லை, பாசை தெரியாது. அந்த ஊரின்ர பேரையே இனி இந்த வீட்டில எடுக்கப்படாது!” எண்டு ஒரு மாதத்துக்கு முன்னமே சட்டம் போட்டவர் கிறிஸ்தோப்பர்.

இந்த வீட்டில ஆர் பயணம் வெளிக்கிட்டாலும், ரொறன்ரோவுக்கு எண்டாலும், அவர்தான் நெத்தியில சிலுவை போட்டு அனுப்புவார். அண்டைக்குக் காலமை றெபேக்கா அவசரத்தில பேகிளை ஒரு கடி கடிச்சுக்கொண்டு வந்து, தகப்பனுக்கு முன்னால தலை குனிஞ்சு நிண்டாள்.

அவர் கை தூக்கேல்லை. யன்னலைப் பாத்துக்கொண்டிருந்தார்.

பிள்ளை பேகிளைத் தட்டில வைச்சிட்டு, கண்ணைத் துடைச்சுக்கொண்டு போனாள். றோசலின்தான் பின்னால ஓடிப்போய்ச் சிலுவை போட்டா. எண்டாலும், தகப்பன்ர கை மாதிரி வருமே? ‘ஒரு வார்த்தை. இந்த மனுசன் பிள்ளையோட ஒரு வார்த்தை கதைச்சால் போதும், ஆண்டவரே’ எண்டு ரெண்டு நாளா அவவுக்கு அதே மன்றாட்டு.

போன் அடிச்சது. இஞ்ச காலமை எட்டு மணி, அங்க பின்னேரம் அஞ்சு.

“அம்மா! இஞ்ச பாருங்கோ!”

திரை முழுக்க நீலம். வானமோ, கட்டடமோ எண்டு பிரிச்சுச் சொல்லேலாத நீலம். பெரிய சதுக்கம் ஒண்டு, மூண்டு பக்கமும் மலை மாதிரி எழும்பி நிக்கிற வாசல்கள், இடைவெளியில்லாமல் பூவேலை.

“யேசுவே! இது மனுசர் கட்டினதோ பிள்ளை?”

“அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டு நிக்கிறன். காலமை வந்தனான். போயிட்டுத் திரும்பவும் வந்தன். இது மூண்டாந்தரம். எவ்வளவு பாத்தாலும் காணுது இல்லையம்மா! முன்னப்பின்ன தெரியாத பொம்பிளையள் வந்து கையைப் பிடிச்சுக்கொண்டு படம் எடுக்கினம். சந்தையில வட்டப் பாண் வாங்கி, தெரியாமல் நான் இருந்த வாங்குப் பலகையில கவிட்டு வைச்சிட்டன். ஒரு வயசுபோன மனுசன் ஒண்டும் பேசாமல் வந்து, நிமித்தி வைச்சிட்டுப் போறார்! பாணுக்கு அப்பிடி மரியாதை!”

“இஞ்சாருங்கோ, ஒருக்கா வந்து பாருங்கோவன்!”

“எனக்கென்னத்துக்கு?”

அது றெபேக்காவுக்கும் கேட்டிருக்கவேணும். திரையில கட்டடம் கொஞ்சம் ஆடிச்சுது.

“அப்பா இன்னும் கோவமோ அம்மா?”

“இல்லைப் பிள்ளை... வேலைக்கு வெளிக்கிடுறார்.” பொய். இண்டைக்கு அவருக்கு லீவு.

கதைச்சுக்கொண்டே றெபேக்கா தங்கியிருக்கிற வீட்டுக்கு வந்துவிட்டாள். முற்றத்தில ஒரு அம்மா சிரிச்சுக்கொண்டு கை காட்டினா. வீட்டுக்காரி குல்னோராவாம்.

“அம்மா, ஒரு புதினம் காட்டுறன். இந்தச் சுவரைப் பாருங்கோ.”

சுவரில ஒரு வட்டப் பாண் தொங்கிச்சுது. காஞ்சு கறுத்த பாண். ஓரத்தில ஒரு கடி.

றோசலின் போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சா.

“எறிய மறந்திட்டினம் எண்டுதான் நானும் நினைச்சன். போன் மொழிபெயர்ப்பில கேட்டன். இவவின்ர மகன் கொரியாவுக்கு வேலைக்குப் போயிருக்கிறானாம். பயணம் போற பிள்ளை பாணில ஒரு கடி கடிச்சிட்டுப் போகுமாம். மிச்சத்தை வீட்டுக்காரர் சுவரில மாட்டி வைப்பினமாம். கடிச்ச பிள்ளை சுகமாத் திரும்பி வந்துதான் அதை முடிக்கவேணுமாம். அதுமட்டும் வேற ஆரும் தொடப்படாதாம்.”

றோசலின் மெல்லத் திரும்பி ஆணியைப் பாத்தா. பிறகு மனுசனைப் பாத்தா.

கிறிஸ்தோப்பரின்ர காது ரெண்டும் சிவந்திருந்தது. ஒரு மாதமா அந்தக் காதில வயரைச் செருகிக்கொண்டு, போனுக்குள்ள தலையை விட்டிருந்த மனுசன். ஊர்ச்செய்தி கேக்கிறாராக்கும் எண்டெல்லோ அவ நினைச்சா!

“குடுத்துவைச்ச பிள்ளை, என்னம்மா?” றெபேக்கா கேட்டாள். “எனக்கு அப்பா கைகூடத் தூக்கேல்லை.”

றோசலின் போனைத் தூக்கிச் சுவருக்கு நேரே பிடிச்சா.

அங்கயிருந்து ஒரு விம்மல் கேட்டுது.

யன்னல் பக்கமிருந்து, திரும்பாமலே, கிறிஸ்தோப்பர் செருமினார்.

“அந்தச் சதுக்கத்தில, வலக்கைப் பக்கத்து வாசலின்ர நெத்தியில, முகம் வைச்ச சூரியன் ரெண்டு இருக்கு. வடிவாப் பாத்தனியோ பிள்ளை?”