பிரிக்காத தபால்

"ஏ அமலா! மிலிட்டரி ஜீப்பு ஒண்ணு கிளியனூர் கூட்ரோட்டுல நின்னுக்கினு நம்ம பிரான்சிஸ் வூட்டுக்கு வழி கேக்குதாம்டி!" மாமியார் லூர்துமேரி மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றாள்.

அமலா எட்டு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு சமையற்கட்டுக்கு ஓடினாள். கேப்பை மாவு டின்னுக்குள் கையை விட்டு, அந்தப் பழுப்பு உறை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். இருந்தது. இன்னும் ஆழமாக அழுத்தி, மேலே மாவைத் தள்ளி மூடினாள்.

பிடிக்கத்தான் வந்துவிட்டார்கள். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பிள்ளைகளை மட்டுமே சேர்த்து ஒரு தொண்டர் பட்டாலியன் கட்டினார்கள். வருஷத்தில் இரண்டு மாதம் பயிற்சி. மற்ற நாளெல்லாம் அவனவன் பிழைப்பு. சண்டை என்று வந்தால் மட்டும் கூப்பிடுவார்கள். அவள் புருஷன், லாரி டிரைவர் பிரான்சிஸும் போய்ப் பேர் கொடுத்தான். பயிற்சிக்கு அழைப்பு வருஷா வருஷம் பழுப்பு உறையில், பட்டாலியன் முத்திரையோடு, ரிஜிஸ்டர் தபாலில்தான் வரும்.

நிஜமாகவே சண்டை வரும் என்று யார் கண்டது? வந்தே விட்டது. எல்லையில் மூண்ட ஐந்தாம் நாள், தபால்காரர் சீனுவாசன் கையெழுத்து வாங்கிக்கொண்டு பழுப்பு உறை ஒன்றை அமலாவிடம் நீட்டினார். பிரான்சிஸ் அப்போது திண்டிவனத்தில் லாரிக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தான்.

அவள் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பிரித்தால் மட்டும் என்ன, கிளம்பி வா என்றுதானே இருக்கும்! இரண்டு கரு தங்காமல் போய், மூன்றாவதாக இது ஒன்று தங்கியிருக்கிறது. இதுவும் அப்பன் முகம் தெரியாமல் பிறக்க வேண்டுமா? பட்டாலியனாவது ஒண்ணாவது என்று மாவு டின்னைத் திறந்தாள்.

அன்று சாயங்காலம் பிரான்சிஸ் வந்ததும் வராததுமாகக் கேட்டான். "தபால் எதுனா வந்துச்சா அமலா?"

"இல்லியே மாமா."

மறுநாளும் கேட்டான். அதற்கு மறுநாளும் கேட்டான். இல்லை, இல்லை என்று சொல்லச் சொல்ல அவன் முகம் தொங்கிப் போனது. சண்டைக்குப் போக இந்த மனுஷனுக்கு இத்தனை அவசரமா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாலாம் நாள் காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான். "கவுகாத்திக்கு ஒரு லோடு. போய் வர இருவத்தஞ்சு நாள் ஆவும். வழியில டவர் கெடைக்காது, போன் வரலன்னா பயந்துக்காதே." அவள் வயிற்றின் மேல் கையை வைத்து எடுத்தான். பிறகு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

அமலாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கவுகாத்தி ரோட்டில் ஓடுகிற லாரியை எந்தப் பட்டாலியன் தேடிப் பிடிக்கும்? அன்றைக்கே மாதா படத்துக்கு இரண்டு மெழுகுவத்தி ஏற்றினாள்.

இப்போது ஜீப் வாசலிலேயே வந்து நின்றுவிட்டது. இறங்கியவர் சுபேதார் விருத்தாசலம். ஒலக்கூர்க்காரர்தான். போன வருஷம் பயிற்சி முடிந்து பிரான்சிஸோடு வந்து, இதே வீட்டில் கருவாட்டுக் குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். இன்றைக்கு அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் வாயைத் திறப்பதற்குள் அமலா முந்திக்கொண்டாள். "சார், அவரு இல்லீங்க! லோடு ஏத்திக்கினு கவுகாத்தி போயிருக்காரு. எப்ப வருவாருன்னு எனக்கே தெரியாது. அவரு மேல ஒரு தப்பும் இல்லீங்க, புடிச்சிக்கினு போயிடாதீங்க!"

சுபேதார் மெல்லத் தொப்பியைக் கழற்றினார். "கவுகாத்தின்னா சொல்லிட்டு வந்தாரு?"

"வந்தாரா? எங்க வந்தாரு?"

"எங்ககிட்டதாம்மா. பதினாறு நாளா எல்லையில எங்ககூடதான் இருந்தாரு. முந்தாநேத்து காலைல எங்க பக்கம் குண்டு விழுந்துச்சி. அடிபட்ட ரெண்டு பேரத் தூக்கியாந்து சேத்தாரு. மூணாவது ஆளத் தூக்கப் போனவரு திரும்பலம்மா. நாளைக்கு மதியம் ஊருக்குக் கொண்டாந்துடுவாங்க."

"அய்யோ சேசுவே, எம்புள்ள!" என்று லூர்துமேரி மண்ணில் விழுந்து புரண்டாள்.

அமலாவுக்கு அழுகைகூட வரவில்லை. கதவு நிலையை இறுகப் பிடித்துக்கொண்டாள். டின்னுக்குள் போட்ட உறை டின்னுக்குள்ளேயே கிடக்கிறது, அப்புறம் இந்த மனுஷன் எப்படிப் போனான்? "அவர யாருங்க கூப்பிட்டது?" என்றாள்.

"இந்த வாட்டி எல்லாரையும் போன்லதாம்மா கூப்பிட்டோம்."

சுபேதார் தாலியறுத்து நிற்கிற பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆறுதலாக ஒரு வார்த்தையாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று தவித்தார்.

"உங்க வூட்டுக்காரரு மாதிரி ஒரு ஆள நான் பார்த்ததில்லம்மா. சம்சாரத்துக்கு மாசம் நெருங்குது, எனக்கு விலக்கு குடுங்கன்னு மொதல்ல எழுதிக் கேட்டாரு. நாங்களும் சரின்னுட்டோம். 'நீ வர வேணாம், வூட்டப் பார்த்துக்கோ'ன்னு ரிஜிஸ்டர் தபால் போட்டும், மறுபேச்சு பேசாம வந்து நின்னாரும்மா!"